அபிஷிக்தானந்தர்: அருணாசல மலையில் ஒரு கிறித்தவத் துறவியின் தன்னடக்கம்

அபிஷிக்தானந்தர் (இயற்பெயர்: ஹென்றி லெ சோ, ஆகஸ்ட் 30, 1910 – டிசம்பர் 7, 1973) பிரான்சில் பிறந்து தமிழகத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்த பெனடிக்ட் சபைத் துறவி. குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையிலுள்ள சாந்திவனம் ஆசிரமத்தை நிறுவிய இருவரில் ஒருவர். 1949 முதல் திருவண்ணாமலைக்குப் பலமுறை வந்தவர். 1952க்கும் 1955க்கும் இடையே அருணாசல மலையின் குகைகளில் வாரக்கணக்கில் தனித்துத் தங்கி மௌனம் பழகியவர். கிறித்தவ நம்பிக்கையில் தன்னடக்கம் என்பது எது, அது ஒருவரிடம் எப்படி வளர்கிறது என்ற கேள்வியை ஆராய அவருடைய வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அது எளிய எடுத்துக்காட்டு அல்ல. ஊண், உறக்கம், உடைமை ஆகியவற்றை அவர் விரைவில் அடக்கினார். கடைசிவரை அவரை அலைக்கழித்தது வேறொன்று.

சொல்லும் பொருளும்

புதிய ஏற்பாட்டில் தன்னடக்கத்தைக் குறிக்கும் முதன்மையான கிரேக்கச் சொல் 'எங்க்ராத்தெயா'. 'ஆற்றலை உள்ளே கொண்டிருத்தல்' என்பது அதன் வேர்ப்பொருள். திருத்தூதர் பவுல் கலாத்தியருக்கு எழுதிய மடலின் ஐந்தாம் அதிகாரத்தில் தூய ஆவியின் கனியாக ஒன்பது பண்புகளை வரிசைப்படுத்துகிறார். அன்பில் தொடங்கும் அந்த வரிசை எங்க்ராத்தெயாவில் முடிகிறது. தமிழில் இச்சொல்லுக்கு இரண்டு மொழிபெயர்ப்புகள் வழங்குகின்றன. சீர்திருத்தத் திருச்சபைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பு 'இச்சையடக்கம்' என்கிறது. 1995ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'தன்னடக்கம்' என்கிறது. முதல் சொல் எதை அடக்குவது என்பதைக் காட்டுகிறது, இரண்டாவது யாரை அடக்குவது என்பதை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் மூலச்சொல்லின் பொருள் முழுமையாகப் பிடிபடும்.

பவுல் இங்கே பயன்படுத்தும் சொல் 'கனி' என்பது கவனிக்கத்தக்கது. கனி ஒரு நாளில் விளைவதில்லை, மரம் முயன்று அதைத் தள்ளி வெளியேற்றுவதும் இல்லை. வேர் எதைப் பற்றியிருக்கிறதோ அதற்கேற்ப அது விளைகிறது. அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது பந்தய வீரனை உவமையாக்குகிறார். அந்த வீரன் உணவிலும் உறக்கத்திலும் கட்டுப்பாடு காத்துத் தன் உடலைப் பழக்குகிறான். ஆக விளைவது ஒன்று, பழக்குவது ஒன்று. கிறித்தவ மரபில் தன்னடக்கம் பற்றிய விவாதங்கள் எல்லாம் இவ்விரு உவமைகளுக்கு நடுவே நிகழ்ந்தவை என்று சொல்லலாம். அருளை மட்டும் நம்பியவர் சோம்பினார். பயிற்சியை மட்டும் நம்பியவர் செருக்கினார்.

தமிழ் வாசகர்க்கு இக்கருத்து புதிதன்று. திருக்குறளில் 'அடக்கமுடைமை' பதின்மூன்றாம் அதிகாரம். அது இல்லறவியலில் இடம்பெற்றிருக்கிறது. துறவறவியலில் 'தவம்', 'துறவு', 'அவாவறுத்தல்' ஆகிய அதிகாரங்கள் தனியே வருகின்றன. அடக்கம் துறவிக்கு மட்டும் உரியதல்ல என்ற பார்வை இந்தப் பகுப்பிலேயே உள்ளது.

பெனடிக்டின் அளவுகோல்

லெ சோ எந்தப் பள்ளியில் தன்னடக்கம் பயின்றார் என்பதை அறியாமல் அவருடைய திருவண்ணாமலை அனுபவத்தைப் புரிந்துகொள்ள முடியாது. ஆறாம் நூற்றாண்டு இத்தாலியில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கு 73 சிறிய அதிகாரங்கள் கொண்டது. பெனடிக்ட் துறவிகள் நிலைபேறு, வாழ்க்கை மாற்றம், கீழ்ப்படிதல் என்னும் மூன்று வாக்குறுதிகளை ஏற்கின்றனர். நிலைபேறு என்பது சேர்ந்த மடத்திலேயே சாகும்வரை தங்குவது. ஊர் ஊராகத் திரியும் துறவிகளைப் பெனடிக்டுக்குப் பிடிக்காது. தம் நூலின் தொடக்கத்திலேயே அவர்களைக் கடுமையாகச் சாடுகிறார்.

இந்த ஒழுங்கின் தனிச்சிறப்பு அதன் மிதம். உணவுக்கு இரண்டு சமைத்த பதார்த்தங்கள், நாளொன்றுக்கு ஒரு பவுண்டு ரொட்டி. ஒன்று ஒருவருக்கு ஒவ்வாவிட்டால் மற்றொன்றை உண்ணலாம் என்பதற்காகவே இரண்டு. திராட்சை மது பற்றிப் பேசும் நாற்பதாம் அதிகாரம் சுவையானது. துறவிக்கு மது ஆகாது என்றுதான் படித்திருக்கிறோம், ஆனால் இக்காலத் துறவிகளை அப்படி நம்பவைக்க முடியவில்லை, குறைந்தது அளவோடாவது குடிக்கட்டும் என்ற தொனியில் எழுதிவிட்டு நாளுக்கு ஓர் அளவு வகுக்கிறார். பிறருடைய உணவுக்கு அளவு சொல்லத் தமக்குத் தயக்கம் என்றும் முன்னுரைக்கிறார். மனித இயல்பை அறிந்தவரின் எழுத்து இது.

தவக்காலம் பற்றிய 49ஆம் அதிகாரம் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. உணவிலோ பேச்சிலோ உறக்கத்திலோ சிலவற்றை ஒவ்வொருவரும் தாமாக முன்வந்து, மகிழ்ச்சியோடு விட்டுவிடலாம் என்கிறது. ஆனால் எதை விடப்போகிறோம் என்பதை முன்கூட்டியே மடாதிபதியிடம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதலின்றிச் செய்யும் நோன்பு வீண்பெருமையாகக் கணக்கில் வைக்கப்படும், பலனாக அல்ல. தன்னை அடக்குவதிலேயே 'நான்' வளர்ந்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கை இது. அடக்கும் ஆசையையும் அடக்க வேண்டியிருக்கிறது.

இந்த எச்சரிக்கைக்கு முன்னோடி உண்டு. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத் துறவியான எவாகிரியுஸ், மனத்தைக் கலைக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், சலிப்பு, வீண்பெருமை, செருக்கு என்பன அவை. உடலின் வேட்கைகள் பட்டியலின் தொடக்கத்திலும் மனத்தின் உயர்வு எண்ணங்கள் முடிவிலும் இருக்கின்றன. வயிற்றை வென்றவனுக்கு வீண்பெருமை காத்திருக்கிறது என்பதுதான் அந்த வரிசையின் செய்தி. 'சலிப்பு' என்று நாம் இங்கு சொல்வது நண்பகலில் வந்து தாக்கும் ஒருவகை மனச்சோர்வு. வெயில் நகராதது போலத் தோன்றும், அறையை விட்டு வேறெங்காவது போனால் நன்றாக இருக்கும் என்று படும். திருவண்ணாமலையின் சித்திரை வெயிலில் பாறைக்குகைக்குள் இருப்பவருக்கு இந்த விவரணை நன்றாகப் புரியும்.

பிரிட்டனியிலிருந்து காவிரிக் கரைக்கு

ஹென்றி லெ சோ பிரான்சின் வடமேற்கே பிரிட்டனி கடற்கரையிலுள்ள சேன் பிரியாக் என்ற ஊரில் பிறந்தார். 1929ல் கெர்கோனான் என்னுமிடத்திலுள்ள புனித அன்னம்மாள் மடத்தில் சேர்ந்தார். இந்தியாவுக்கு வர வேண்டும் என்ற விருப்பம் 1934 வாக்கிலேயே அவருக்குள் தோன்றிவிட்டது. மடத்தின் அனுமதி கிடைத்து இந்தியா வந்து சேர்ந்தது 1948 ஆகஸ்டில். இடையே பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. இரண்டாம் உலகப்போர் வந்தது, தாயார் இறந்தார். அவர் மடத்தின் நூலகத்தைக் கவனித்துக்கொண்டு, வழிபாட்டு ஒழுங்குகளை நடத்திக்கொண்டு காத்திருந்தார். குகையில் கழித்த நாட்களைப் பற்றி எழுதுவோர் இந்தப் பதினான்கு ஆண்டுகளைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஒரு விருப்பத்தை அணைக்காமலும் அதற்கு அடிமையாகாமலும் அத்தனைக் காலம் சுமப்பது சிறிய பயிற்சியல்ல. அதன்பின் அவர் பிரான்சுக்குத் திரும்பவேயில்லை.

குளித்தலையில் அவருக்காகக் காத்திருந்தவர் ஜூல்ஸ் மொன்ஷானின் (1895–1957). லியோன் நகரத்துக் குருவான இவர் 1939ல் இந்தியா வந்து திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தில் பணியாற்றிவந்தார். இருவரும் 1950 மார்ச் 21 அன்று, புனித பெனடிக்டின் திருநாளில், சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். அதுவே சாந்திவனம். மொன்ஷானின் 'பரம அரூபி ஆனந்தம்' என்றும் லெ சோ 'அபிஷிக்தேசுவரானந்தம்' என்றும் பெயர் ஏற்றனர். பின்னது சுருங்கி அபிஷிக்தானந்தர் ஆயிற்று. 'அபிஷிக்தர்' என்றால் திருப்பொழிவு பெற்றவர், அதாவது கிறிஸ்து. காவியுடை, வெறுங்கால், மரக்கறி உணவு, தரையில் பாய் விரித்து உறக்கம் என்று வாழ்க்கை அமைந்தது.

இவ்வாறு வாழ்ந்தவர்களில் இவர்கள் முதல்வர் அல்லர். 1606ல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி துறவி வேடமும் மரக்கறி உணவும் ஏற்றார். 1693ல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரிட்டோ பண்டாரச் சாமியாக ஊர்களில் நடந்தார். அவர்களுடைய எளிமைக்கு மறைபரப்பு என்ற நோக்கம் இருந்தது. சாந்திவனத்தில் தியானமே நோக்கமாக இருந்தது. திருமுழுக்குப் பெற யாரையும் அழைக்காத ஆசிரமத்தைப் பார்த்துச் சில குருக்கள் குழம்பினர்.

திருவண்ணாமலை, 1949

1949 ஜனவரியில் மொன்ஷானினும் லெ சோவும் ரமணாசிரமம் வந்தனர. 1896 செப்டம்பர் 1 அன்று இளைஞராக இங்கு வந்த ரமண மகரிஷி, விருபாட்சி குகையிலும் கந்தாசிரமத்திலும் பல ஆண்டுகள் வாழ்ந்தபின், 1922ல் தாயார் மறைந்ததைத் தொடர்ந்து மலையடிவாரத்தில் தங்கினார். லெ சோ வந்தபோது அவர் முதியவர், நோயாளி.

முதல் தரிசனம் லெ சோவுக்கு ஏமாற்றமாக இருந்தது. தேஜஸ் ஒன்றை எதிர்பார்த்து வந்தவருக்கு எதிரே தெரிந்தவர் சாந்தமான ஒரு தாத்தா. இதை அவரே பிற்காலத்தில் வெளிவந்த 'அருணாசல இரகசியம்' என்ற நினைவு நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆசிரமத்தில் தங்கியிருந்த எத்தல் மெர்ஸ்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி, நீங்கள் சுமை அதிகமாக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்ற பொருள்படச் சொன்னாராம். எதையும் புரிந்துகொண்டே ஆக வேண்டும், வந்தது எதிர்பார்த்தபடி அமைய வேண்டும் என்ற அவசரமே அந்தச் சுமை.

பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சலில் அறிவின் பிடி தளர்ந்த வேளையில், காலையும் மாலையும் அங்கு ஒலித்த வேத பாராயணமும் ரமணரின் உருவமும் அவருக்குள் இறங்கின. வாதத்தால் அல்ல, உடல் தோற்ற ஒரு பொழுதில் அவர் தொடப்பட்டார் என்பது இந்நிகழ்வின் சிறப்பு. அவருக்கு இறையியல் பயிற்சி குறைவில்லாமல் இருந்தது. இருபது ஆண்டு மடத்து ஒழுக்கமும் இருந்தது. ஆனால் தாம் எதிர்பார்ப்பதையே தேடும் மனத்தை அடக்க அவற்றால் முடியவில்லை. ஆசையை அடக்கியவரிடமும் அறியும் ஆசை அடங்காமல் இருக்கலாம்.

அதே ஆண்டில் மறுபடியும் வந்தார். மீண்டும் வரத் திட்டமிட்டிருந்தபோது, 1950 ஏப்ரல் 14 அன்று ரமணர் மறைந்தார்.

குகைகள்

குரு இல்லை என்றானபின் மலை அவரை இழுத்தது. அருணாசலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள மலை. கோயிலை நோக்கிய கிழக்குச் சரிவில் குகைகள் பல உள்ளன. அவற்றில் சாதுக்கள் தங்குவது நெடுங்கால வழக்கம். 1952 முதல் அபிஷிக்தானந்தரும் அவ்வாறு தங்கினார். கீழே நகரத்தின் ஓசை, கோயில் மணி, பௌர்ணமிக்குக் கிரிவலம் வருவோரின் நடமாட்டம். மேலே பாறையும் மௌனமும்.

அந்நாட்களில் எழுதத் தொடங்கிப் பின்னும் தொடர்ந்த அவருடைய நாட்குறிப்பு, அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1986ல் பிரெஞ்சு மொழியில் அச்சானது. அதைப் படிப்பவர் எதிர்பார்ப்பது அமைதி. கிடைப்பது பெரும்பாலும் கொந்தளிப்பு. பேச்சை நிறுத்தலாம், அது எளிது. பேச்சு நின்றதும் உள்ளே இருப்பது பேசத் தொடங்குகிறது. அத்துவைத அனுபவம் உண்மையென்றால், தாம் நாள்தோறும் வேண்டும் இறைவனும் தாமும் வேறல்ல. அப்படியானால் திருப்பலி எதற்கு? வேண்டுதல் யாரிடம்? தாம் பொய்யாக நடந்துகொள்கிறோமா? இக்கேள்விகள் அவரைப் பல ஆண்டுகள் விடவில்லை.

அவருடைய தன்னடக்கத்தின் உண்மையான களம் இதுதான் எனலாம். அவருக்கு எதிரே இரண்டு எளிய வழிகள் இருந்தன. திருச்சபையை விட்டு விலகி மலையிலேயே தங்கிவிடலாம். அல்லது மலையை மறந்துவிட்டுப் பழைய உறுதிக்குத் திரும்பலாம். இரண்டும் பதற்றத்தைத் தணித்திருக்கும். இரண்டையும் அவர் செய்யவில்லை. விடை வராத கேள்வியோடு இருக்கப் பழகினார். குருத்துவத்தையும் விடவில்லை. பிற்காலத்தில் இமயத்தில் தனித்திருந்தபோதும் திருப்பலி நிறைவேற்றினார்.

விடை இல்லாமையைத் தாங்குவதைத் தன்னடக்கத்தின் ஒரு வகையாகப் பொதுவாக யாரும் எண்ணுவதில்லை. நாவை, வயிற்றை, சினத்தை அடக்குவதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. ஆனால் அவசர முடிவு என்பதும் ஓர் இச்சையே. தேர்வு முடிவுக்காகவோ ஒரு பிரிவின் நடுவிலோ காத்திருக்கும் எவருக்கும் அதன் வலிமை தெரியும்.

1955 டிசம்பரில், திருவண்ணாமலையிலிருந்து அதிகத் தொலைவில்லாத திருக்கோவிலூரில் தபோவனம் அமைத்திருந்த ஞானானந்த கிரி சுவாமிகளைச் சந்தித்தார். அவரைத் தம் குருவாகவே கொண்டார். மறு ஆண்டு இறுதியில் கும்பகோணத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் யாரையும் பாராமல், யாரோடும் பேசாமல் அறைக்குள் இருந்தார். அவருடைய மௌனப் பயிற்சிகளில் மிகக் கடுமையானது அது.

கீழ்ப்படிதல் என்னும் சிக்கல்

மலையில் இருக்கத்தான் அவருக்கு விருப்பம். ஆனால் சாந்திவனத்தில் மொன்ஷானின் இருந்தார், ஆசிரமம் இருந்தது. எனவே திரும்பத் திரும்பக் குளித்தலைக்குப் போனார். தம் மடத்துக்கு வெளியே வாழச் சபையின் அனுமதி பெற்றிருந்தார், ஆயரின் ஆதரவிலேயே இயங்கினார். மொன்ஷானினுக்கோ தம் நண்பர் அத்துவைதத்தில் அமிழ்ந்துபோவார் என்ற கவலை. இருவரிடையே அன்பு இருந்தது, உரசலும் இருந்தது. சாந்திவனம் நிரம்பவில்லை. எதிர்பார்த்த இந்தியத் துறவியர் வந்து தங்கவில்லை. 1957 அக்டோபர் 10 அன்று மொன்ஷானின் பாரிசில் இறந்தார்.

பெனடிக்ட் மரபில் கீழ்ப்படிதல், தன் நல்ல விருப்பத்தையும் பிறர் கையில் வைப்பது. தீய விருப்பத்தை விடுவது எல்லா நெறிகளும் சொல்வது. தியானம் செய்ய வேண்டும் என்ற நல்ல விருப்பத்தை நடுவில் நிறுத்தி, ஆசிரமத்துக் கணக்கையும் கட்டட வேலையையும் பார்க்க இறங்கி வருவது வேறு வகை. இதில் அபிஷிக்தானந்தர் முழுவதும் வென்றார் என்று சொல்வதற்கில்லை. 1961 வாக்கில் உத்தரகாசியருகே கங்கைக் கரையில் குடில் அமைத்து அங்கும் இங்குமாக வாழ்ந்தார். 1968ல் சாந்திவனத்தை விட்டே சென்றார். ஆசிரமப் பொறுப்பை ஆங்கிலேயப் பெனடிக்ட் துறவி பீட் கிரிபித்ஸ் ஏற்றார். நிலைபேறு வாக்குறுதி அளித்த ஒருவர் இத்தனை இடம் மாறியதைப் பெனடிக்ட் எப்படிப் பார்த்திருப்பார் என்பது சுவையான கேள்வி.

திருப்பத்தூரில் இன்னொரு வழி

குகை ஒன்றே வழி என்று வாசகர் எண்ணிவிடக் கூடாது. திருவண்ணாமலைக்கு வடமேற்கே, அன்று அதே வடஆற்காடு மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூரில், 1921ல் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கப்பட்டது. நிறுவியவர்கள் சவரிராயன் யேசுதாசன், எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் ஆகிய இரு மருத்துவர்கள். பேட்டன் ஸ்காட்லாந்தின் செல்வக் குடும்பத்தவர். இருவரும் மணம் செய்யாமல், கதர் உடுத்தி, மரக்கறி உண்டு, ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்து வாழ்ந்தனர். மக்கள் யேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். ஆங்கில ஆட்சிக் காலத்தில் ஒரு வெள்ளையரைத் தமிழ் நாட்டுப்புறம் 'அண்ணன்' என்று கூப்பிட்டதே அந்த வாழ்க்கைமுறை பற்றிப் போதுமான அளவு சொல்கிறது. 1932ல் சென்னையில் சட்டமறுப்புக் கால மறியலின்போது பேட்டன் காவல்துறையின் தடியடிக்கு ஆளானார்.

இவர்களுடைய தன்னடக்கம் கண்ணை மூடி அமர்வதில் வளரவில்லை. விடிந்தால் வரிசையில் நிற்கும் நோயாளிகளுக்கு முன்னால் வளர்ந்தது. ஐம்பதாவது நோயாளியிடமும் முதலாமவரிடம் பேசிய குரலில் பேசுவது எவ்வளவு கடினம் என்பது மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

மனவுறுதி போதுமா?

துறவு பூணாத பெரும்பாலோருக்குத் தன்னடக்கம் என்பது குடி, சினம், நாக்கு, இப்போது கைப்பேசி. தமிழகச் சபைகளில் மது விலக்குப் பிரசங்கம் நெடுநாள் வழக்கம். கிறித்தவ மரபிலிருந்து கிளைத்த ஒரு முறை இதில் உலகெங்கும் பரவியிருக்கிறது. 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளிகள் இருவரின் சந்திப்பில் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம், ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறித்தவ எழுப்புதல் குழுவின் பழக்கங்களிலிருந்து உருவானது. அதன் பன்னிரண்டு படிகளில் முதலாவது, மதுவின் முன் தன்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது. கட்டுப்பாடு என்பது கட்டுப்பாடு இல்லை என்ற ஒப்புதலில் தொடங்குகிறது. அடுத்து, தன்னைவிட மேலான ஆற்றலிடமும், அதே நிலையிலுள்ள பிறரிடமும் சாய்வது. பவுலின் 'கனி' என்ற உவமையை நடைமுறையாக்கினால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். தமிழகத்திலும் இக்குழுக்கள் கூடுகின்றன. எந்த மதத்தவரும் சேரலாம்.

உளவியலும் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. மனவுறுதி தசையைப் போன்றது, பயன்படுத்தினால் சிறிது நேரத்தில் களைத்துவிடும் என்ற கோட்பாடு 1998 முதல் புகழ்பெற்றிருந்தது. 2016ல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தபோது விளைவு ஏறத்தாழக் காணப்படவேயில்லை. விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் நல்ல கட்டுப்பாடு உள்ளவர்கள் சபலத்தோடு அதிகம் மல்லுக்கட்டுவதில்லை, அது நெருங்காதபடி நாளை அமைத்துக்கொள்கிறார்கள் என்ற கருத்துக்கு ஆய்வுகளில் ஆதரவு உண்டு. மணியடித்தால் எழு, மணியடித்தால் வேண்டு, மணியடித்தால் உண் என்று மடத்து நாளை வகுத்த பெனடிக்ட் இதற்கு வியந்திருக்க மாட்டார்.

விமர்சனங்கள்

அபிஷிக்தானந்தர் மீதான விமர்சனங்கள் மூன்று திசையிலிருந்து வந்தன. கத்தோலிக்கரில் சிலர் அவர் கிறித்தவத்தை அத்துவைதத்தில் கரைத்துவிட்டார் என்றனர். இந்து எழுத்தாளர்களில் சீதாராம் கோயல் 1988ல் வெளியிட்ட நூலில், காவியணிந்த கத்தோலிக்க ஆசிரமங்கள் மதமாற்றத்துக்கான வேடம் என்று கடுமையாகத் தாக்கினார்.

மூன்றாவது விமர்சனம் தலித் இறையியலாளர்களுடையது. அதுவே மூன்றிலும் வலுவானது. தமிழகக் கிறித்தவரில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கிறித்தவ ஆசிரம இயக்கம் உரையாடியதோ வேதாந்தத்தோடும் சமஸ்கிருத மரபோடும். திருவண்ணாமலைச் சுற்றுவட்டாரத்தில் நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்குக் கூழும் தரைப்படுக்கையும் நோன்பு அல்ல, அன்றாட நிலை. காலில் செருப்பில்லாமல் நடப்பது ஒருவருக்குத் துறவாகவும் இன்னொருவருக்கு மேல்சாதியார் தெருவில் சுமத்தப்பட்ட கட்டாயமாகவும் இருந்த நாடு இது. துறக்க எதுவும் இல்லாதவரிடம் 'அடங்கு' என்று சொல்வது ஆன்மிகம் ஆகாது, அது ஆதிக்கத்தின் பழைய குரல். தன்னடக்கம் என்ற சொல் தன்னால் தன்னை அடக்குவதைக் குறிக்கிறது. பிறரால் அடக்கப்படுவதற்கு வேறு பெயர். சபைகளும் குடும்பங்களும் பெண்களிடம் பொறுமையை வலியுறுத்தும்போதும் இந்த வேறுபாடு மறக்கப்படுகிறது.

ஏழைகளின் வறுமைக்கும் தம்முடைய எளிமைக்கும் உள்ள இடைவெளி அபிஷிக்தானந்தர் வாழ்நாளில் மூடப்படவில்லை. திருப்பத்தூரின் இரு மருத்துவர்கள் அந்த இடைவெளியைச் சற்றுக் குறைத்தார்கள் என்று கொள்ளலாம்.

இறுதி ஆண்டுகள்

1960ல் அவர் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1971ல் மார்க் ஷதுக் என்ற பிரெஞ்சு இளைஞர் அவரைத் தேடி வந்தார். 1973 ஜூன் 30 அன்று ரிஷிகேசத்தில், கங்கையில், சிவானந்த ஆசிரமத்துச் சிதானந்த சுவாமிகளும் அபிஷிக்தானந்தரும் சேர்ந்து அவருக்குச் சன்னியாச தீட்சை அளித்தனர். இரண்டு வாரம் கழித்து, ஜூலை 14 அன்று, ரிஷிகேசக் கடைவீதியில் பேருந்தைப் பிடிக்க ஓடியபோது அபிஷிக்தானந்தருக்கு மாரடைப்பு வந்தது. தெருவோரத்தில் வீழ்ந்து கிடந்த அந்த வேளையைத் தம் வாழ்வின் பெரும் விழிப்பாக அவர் பிறகு கடிதங்களில் எழுதினார். இருபது ஆண்டுகளாக விடாது துரத்திய பழைய கேள்வியின் பதற்றம் அதன்பிறகு அவருடைய எழுத்தில் காணப்படவில்லை. அதற்கு விடை கண்டதாகவும் அவர் எழுதவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 7 அன்று இந்தூரில் காலமானார்.